மின்னஞ்சலை வாயிலில் மறுத்தல்: ஒரு வரலாற்று நோக்கு

மக்கள் ஒருவர்க்கொருவர் திருமுகம் விடுத்த காலந்தொட்டே, வந்த திருமுகத்தை ஏற்பதா மறுப்பதா என்னும் வினாவும் உடன் பிறந்ததெனலாம். அனுப்புவோனுக்கு எழுதும் உரிமை இருத்தல்போலப் பெறுவோனுக்கு மறுக்கும் உரிமையும் உண்டு. எனினும், அவ்வுரிமையை எவ்விடத்தில், எவ்வளவில், எம்முறையிற் கையாளுதல் தகும் என்பது எளிதில் முடிவு கூறத்தக்கதன்று. இன்று உலகெங்கணும் மின்னஞ்சலை ஏற்கும் கணினிகள், அஞ்சற் சேவையகங்கள் எனப்படுவன, ஒவ்வொரு கணமும் இவ்வினாவிற்கு விடையிறுத்த வண்ணம் இருக்கின்றன. அவற்றின் வாயிலை வந்து தட்டும் தொடர்புகளுள் வேண்டாதன மிகப் பல. வேண்டியனவும் அவற்றினூடே கலந்தே வருகின்றன. வேண்டாதவற்றை மறுக்கும் முறை எவ்வாறு உருப்பெற்றது, எவ்வழிகளிற் பிழைபட்டது, எவ்விதியில் வந்து நிலைகொண்டது என்பனவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மின்னஞ்சலின் வரலாற்றுள் நுழையுமுன், அதற்கு மூத்ததாகிய தாளஞ்சலின் வரலாற்றை ஒரு சிறிது நோக்குதல் பொருத்தமுடைத்து. 1840ஆம் ஆண்டுக்கு முன்னர் இங்கிலாந்தில் அஞ்சற் கட்டணத்தைப் பெரும்பாலும் கடிதத்தைப் பெறுவோனே செலுத்தினான். தூரத்திற்கும் தாள்களின் தொகைக்கும் ஏற்பக் கட்டணம் உயர்ந்தது. ஆதலின், வாயிலில் வந்து நின்ற அஞ்சற்காரனிடம் கடிதத்தை வாங்காது திருப்பிவிடும் உரிமை பெறுவோனுக்கு இருந்தது. அவ்வாறு திருப்பப்பட்ட கடிதத்தைச் சுமந்த செலவு முழுவதும் அஞ்சற் பகுதியின் தலையிலேயே விழுந்தது. சிலர் முன்னரே பேசிவைத்த குறிகளைக் கடிதத்தின் புறத்தே இட்டு அனுப்புவர். பெறுவோன் குறியைக் கண்ட அளவிற் செய்தியை உணர்ந்துகொண்டு, காசு கொடாது கடிதத்தை மறுத்துவிடுவான். றோலண்ட் ஹில் என்பார் 1837ஆம் ஆண்டில் வெளியிட்ட அஞ்சற் சீர்திருத்த நூலில், அனுப்புவோனே கட்டணத்தை முற்கூட்டிச் செலுத்தும் முறையை வற்புறுத்தினார். 1840ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் ஒரு பென்னி அஞ்சல் நடைமுறைக்கு வந்தது. அவ்வாண்டு மே மாதத்தில் அஞ்சல் முத்திரையும் தோன்றிற்று. செலவு அனுப்புவோன்பாற் சென்றமையின், கடிதத்தை வாயிலில் மறுக்கும் வழக்கமும் நாளடைவில் அருகிற்று.

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்று உண்டு. செலவைச் சுமப்பவன் எவனோ, மறுக்கும் உரிமை அவனுக்கே இன்றியமையாதது. மின்னஞ்சலில் அனுப்புவோனுக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. ஆயிரம் பேருக்கு எழுதினும் இலக்கம் பேருக்கு எழுதினும் அவனுக்கு உண்டாகும் வேறுபாடு அற்பமே. கடிதங்களை வாங்கி, வகைப்படுத்தி, சேமித்து, படிப்போர்முன் வைக்கும் செலவும், படித்துக் கழிக்கும் காலமும் பெறுவோனையே சார்கின்றன. றோலண்ட் ஹில் மாற்றியமைத்த செலவின் திசை மின்னஞ்சலில் மீண்டும் புரண்டுவிட்டதெனக் கூறின் அது மிகையாகாது. மறந்துபோன மறுப்புரிமை மீண்டும் முதன்மை பெற்றமைக்கும் இதுவே காரணமாகும்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் பாதுகாப்புத் திணைக்களத்தின் ஆதரவில் அமைந்த ஆர்ப்பாநெற் என்னும் கணினி வலை 1969ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிற்று. 1971ஆம் ஆண்டில் றே ரொம்லின்சன் என்பார் அவ்வலையின் வழியே ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு அஞ்சல் அனுப்பிக் காட்டினார். அக்காலத்தில் வலையைப் பயன்படுத்தியோர் ஆய்வாளர் சிலரே. ஒருவரை ஒருவர் அறிந்தோர் பலர். ஆயினும், மறுப்புப் பற்றிய சிந்தனை மிக முன்னதாகவே எழுந்தமை வியத்தற்குரியது. வலையின் விதிகளையும் கருத்துக்களையும் அறிஞர் தம்முள் வழங்கிக்கொண்ட 'கருத்துரைக்கான வேண்டுகோள்' என்னும் ஏட்டுத் தொடரில் 706ஆம் ஏட்டை 1975ஆம் ஆண்டு நவம்பரில் யோன் பொஸ்ரெல் எழுதினார். ஒரு கணினி தனக்கு வரும் செய்திகளுட் சிலவற்றை மட்டும் தேர்ந்து மறுப்பதற்கு வலையில் வழியில்லை என்பதை அவர் எடுத்துக்காட்டினார். வேண்டிய சிலவற்றைப் பெறுதற்கு வருவன அனைத்தையும் வாங்கிப் பார்த்தல் வேண்டியிருந்தது. பழுதுற்ற கணினி ஒன்று ஓயாது செய்தி அனுப்பின், பெறும் கணினியைப் பயன்படுத்துவோர் தம் வேலையைச் செய்ய இயலாதுபோம். தொல்லை தரும் மூலத்திலிருந்து வருவனவற்றைத் தன்னிடம் கொணராவண்ணம், வலையோடு தன்னை இணைக்கும் இடைப்பொறிக்கே ஒரு கணினி கட்டளையிடுதல் நலம் என்பது அவர் கருத்து. மறுப்பு வீட்டின் உள்ளறையிலன்றி வாயிலிலேயே நிகழ்தல் வேண்டும் என்னும் கொள்கையின் முதல் வித்து இவ்வேட்டிற் காணப்படுகின்றது.

அவர் அஞ்சியது மூன்றாண்டுகளுள் வேறொரு வடிவில் நிகழ்ந்தது. 1978ஆம் ஆண்டு மே மாதத்தில், டிஜிற்றல் எக்குயிப்மென்ற் என்னும் கணினி நிறுவனத்தின் விற்பனையாளர் ஒருவர், புதிய கணினிகளைக் காட்டும் கூட்டத்திற்கு வருமாறு ஏறக்குறைய 400 பேருக்கு ஒரே மடலை ஆர்ப்பாநெற் வழியாக அனுப்பினார். கேளாது வந்த வணிக மடல்களுள் இதுவே முதலாவது என்பர். வலையை நடாத்தியோர் கண்டித்தனர். பயனாளருள்ளே விவாதமும் எழுந்தது. ஆயின், தொழில்நுட்பத் தடை யாதும் அப்பொழுது அமையவில்லை. நன்மக்களின் நாணமே காவலாயிருந்தது.

1982ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் யோன் பொஸ்ரெல் 821ஆம் ஏடாக வெளியிட்ட எளிய அஞ்சற் பரிமாற்ற நெறிமுறையே இன்றைய மின்னஞ்சலின் அடித்தளமாகும். அஞ்சல் கொண்டுவரும் கணினியும் வாங்கும் கணினியும் நேர்முகமாக உரையாடும் முறையில் அஃது அமைந்தது. கொண்டுவருவது, வாங்கும் கணினியின் 25ஆம் இலக்க வாயிலைத் தட்டும். வாங்குவது 220 என்னும் இலக்கத்தைக் கூறி வரவேற்கும். கொண்டுவந்தது தன் பெயரைச் சொல்லும். பின்னர் அனுப்புவோன் முகவரியையும், அதன்பின் பெறுவோன் முகவரியையும் கூறும். ஈற்றில் மடலைக் கையளிக்கும். ஒவ்வொரு கூற்றுக்கும் மூன்றிலக்க விடை ஒன்று உண்டு. விடையின் முதலிலக்கம் 2 எனின் நிறைவேறிற்று என்பது பொருள். 3 எனின் மேலே தொடர்க என்பதாம். 4 எனின் இப்பொழுது இயலாது, பின்னர் வருக என்பதாம். 5 எனின் இயலவே இயலாது என்பதாம்.

4க்கும் 5க்கும் இடையே வகுக்கப்பட்ட இவ்வேற்றுமை சிறிதாகத் தோன்றினும், மறுப்பின் வரலாறு முழுவதும் இதன்மேலேயே நிற்கின்றது. முன்னதைக் கேட்ட கணினி மடலைத் தன்னிடம் வைத்திருந்து மீண்டும் முயலும். பின்னதைக் கேட்டது முயற்சியைக் கைவிட்டு, எழுதியவனுக்குச் செய்தியை அறிவிக்கும். இதனோடு ஒத்த சிறப்புடைய மற்றொரு விதியை 1989ஆம் ஆண்டின் 1123ஆம் ஏடு வலியுறுத்திற்று. மடலை வாங்கி 250 என விடையிறுத்த கணத்திலேயே, அம்மடலைச் சேர்ப்பிக்கும் பொறுப்பு வாங்கிய கணினியைச் சாரும். அற்ப காரணங்களுக்காக அதனை இழத்தலாகாது. எனவே, மறுப்பதாயின் 250 எனச் சொல்லுதற்கு முன்னரே மறுத்தல் வேண்டும். இது வெறும் பொறிநுட்பம் அன்று. வாக்குக் கொடுத்தலையும் காத்தலையும் பற்றிய ஒழுக்கமுமாகும்.

ஆயினும், 1982ஆம் ஆண்டின் நெறிமுறையில் ஒரு குறை இருந்தது. வாயிலைத் தட்டியவுடன் சொல்லத்தக்க மறுப்பு, 421 என்னும் தற்காலிக மறுப்பு ஒன்றே. 'உன்னை என்றும் ஏலேன்' என வாயிலிற் கூறுதற்கு இலக்கம் வகுக்கப்படவில்லை. அத்தகைய தேவை எழும் என அக்காலத்தார் எண்ணினாரல்லர். எவர் கொண்டுவந்த மடலையும் வாங்கி எவர்க்கும் கடத்திவிடுதல் நல்ல அயலார்க்குரிய உபகாரமாகவே கொள்ளப்பட்டது. 1990களில் இணையம் வணிகர்க்குத் திறக்கப்பட்டபின், அவ்வுபகாரமே கேடாய் முடிந்தது. விளம்பரக்காரர் யாரோ ஒருவருடைய திறந்த சேவையகத்திடம் ஒரு மடலையும் ஆயிரக்கணக்கான முகவரிகளையும் ஒப்படைத்துச் செல்வர். சுமை முழுவதும் அதனைச் சார்ந்தது. பழியும் அதனையே சார்ந்தது. எரிக் ஓல்மன் ஆக்கிய செண்ட்மெயில் என்னும் மென்பொருள் அக்காலத்திற் பெரும்பாலான சேவையகங்களை இயக்கிற்று. 1998ஆம் ஆண்டில் வெளிவந்த அதன் 8.9ஆம் பதிப்பு, அயலார்க்கு மடல் கடத்துதலை இயல்பாகவே மறுக்கும்படி அமைக்கப்பட்டது. நம்பிக்கையே விதியாக இருந்த காலம் அத்துடன் முடிவுற்றதெனலாம்.

அதற்கு முந்திய ஆண்டாகிய 1997இல், போல் விக்சி முதலானோர் தொல்லை தரும் கணினிகளின் முகவரி இலக்கங்களைத் தொகுத்துத் தடைப்பட்டியல் ஒன்றை அமைத்தனர். பெயர்களை இலக்கங்களாக மாற்றித் தரும் இணையப் பெயர் முறைமையையே இப்பட்டியலைக் கேட்டறியும் வழியாகப் பயன்படுத்தியமை அறிவின் நுட்பமாகும். வாயிலைத் தட்டிய கணினியின் இலக்கம் 192.0.2.99 ஆயின், வாங்கும் கணினி அதனைப் புரட்டி 99.2.0.192 என ஆக்கிப் பட்டியலின் பெயரோடு சேர்த்து வினவும். 127.0.0.2 போன்ற விடை வரின், அவ்விலக்கம் பட்டியலில் உண்டு என்பது பொருள். விடை இல்லையெனின் குற்றம் இல்லை. கணப்பொழுதில் நிகழும் இவ்வினாவினால், மடலின் ஓரெழுத்தையும் வாங்காமலே மறுக்கும் ஆற்றல் சேவையகங்களுக்குக் கிட்டிற்று. பொஸ்ரெல் 1975இல் வேண்டியது ஒருவாறு கைகூடிற்று.

மறுக்கும் ஆற்றல் கிட்டியபின், மறுக்கும் முறை யாது என்னும் வினா கூர்மையடைந்தது. முதலாவது முறை, தட்டிய ஒலியைக் கேளாததுபோல் வாளாவிருத்தல். இரண்டாவது, இணைய நெறிமுறையின் அடித்தட்டிலேயே தொடர்பை வெட்டிவிடுதல். இவ்விரண்டும் சேவையகத்திற்கு மிக எளியன. ஆயின், தட்டியவனுக்கு இவற்றின் பொருள் விளங்குவதில்லை. வீட்டார் வெளியே சென்றனரோ, வீடு இடிந்ததோ, தன்னை வெறுத்தனரோ என்பதை அவன் அறியான். ஆதலின், நெறிமுறையை மதிக்கும் கணினி இதனைத் தற்காலிகத் தடையாகவே கருதி, மடலை வரிசையில் வைத்து மீண்டும் மீண்டும் வரும். இவ்வாறு நான்கைந்து நாளேனும் முயலுதல் வேண்டும் என்பது விதி. அதன் பயனாக, மறுத்தவன் வாயில் பல முறை தட்டப்படுகின்றது. மடலை எழுதியவனோ அது சேராமையைப் பல நாள் கழித்தே அறிகின்றான். சொல்லாத மறுப்பினால் இருபாலார்க்கும் இழப்பே மிஞ்சுகின்றது.

இக்குறையை நீக்கும் முயற்சி 1995ஆம் ஆண்டில் 1846ஆம் ஏட்டில் தொடங்கிற்று. அஞ்சலை ஒருபோதும் ஏலாத கணினி, வரவேற்புக்குப் பதிலாக 521 எனக் கூறுக என அவ்வேடு பரிசோதனையளவில் முன்மொழிந்தது. யோன் கிளென்சின் 2001ஆம் ஆண்டிற் பதிப்பித்த 2821ஆம் ஏடு, தட்டியவுடன் 554 எனக் கூறி நிலையாக மறுத்தலை நெறிமுறையுட் சேர்த்தது. அவ்விதியோடு ஒரு மரியாதையும் சேர்க்கப்பட்டது: 554 எனக் கூறிய பின்னரும், வந்தவன் தானே விடைபெறும்வரை தொடர்பை வெட்டாது காத்திருத்தல் வேண்டும். 2008ஆம் ஆண்டில் வந்த 5321ஆம் ஏடும் இதனைப் போற்றிற்று. 2015ஆம் ஆண்டின் 7504ஆம் ஏடு, 521க்கு உரிய இடத்தை உறுதிசெய்து, மறுப்பைக் கேட்டும் போகாது பேசிக்கொண்டேயிருப்பவனுடைய தொடர்பை வெட்டவும் இடமளித்தது. அதே ஆண்டின் 7505ஆம் ஏடு இன்னும் ஒரு படி முன்சென்று, அஞ்சல் ஏலாமையை இணையப் பெயர் முறைமையிலேயே அறிவித்துவிடும் வழியை வகுத்தது. அவ்வறிவித்தலைக் கண்டவன் வாயில்வரை வந்து இளைக்க வேண்டுவதில்லை.

எனினும், வந்தவன் வாய்திறக்குமுன்னரே மறுத்தல் எப்பொழுதும் சிறந்ததோ எனின், அன்று என்க. வரவேற்பு நேரத்தில் வரும் 5ஆம் வகை விடையைச் சில மென்பொருள்கள் மடலுக்குரிய மறுப்பாகக் கொண்டு மடலைத் திருப்பின. வேறு சில அதனை அச்சேவையகத்துக்குரிய மறுப்பாகக் கொண்டு, அடுத்த சேவையகத்தைத் தேடிச் சென்றன. மேலும், பெயர் கேளாது மறுத்தவன், தான் மறுத்தது யாருடைய மடல், அஃது யாருக்கு வந்தது என்பதைப் பின்னர் அறிதற்கு வழியில்லை. ஆதலின், போஸ்ற்பிக்ஸ் போன்ற மென்பொருள்கள், மறுப்பதென முடிவுசெய்த பின்னரும், பெறுவோன் முகவரியைக் கூறும்வரை பொறுத்திருந்து, அதன்பின்னரே மறுப்பை மொழியும் முறையை இயல்பாகக் கைக்கொண்டன. இதனால் மற்றொரு நன்மையும் விளைந்தது. ஒவ்வோர் அஞ்சற் சேவையகத்திலும் 'போஸ்ற்மாஸ்ரர்' என்னும் முகவரி இருத்தல் வேண்டும் என்பது நெறிமுறையின் கட்டளை. பெறுவோன் முகவரியைக் கேட்டபின் மறுக்கும் சேவையகம், அவ்வொரு முகவரிக்கு வரும் முறையீட்டை மட்டும் ஏற்றுக்கொள்ளலாம். பிழையாகத் தடுக்கப்பட்டவனுக்கு அதுவே நீதிமன்றமாகும். வாயிற்கதவை முற்றாக அடைத்தவன் அந்நீதிமன்றத்தையும் அடைத்தவனாகின்றான்.

இனி, வாயிலில் மறுக்காது உள்ளே வாங்கியபின் மறுத்தலின் தீமையை நோக்குவாம். 2003ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் சோபிக் என்னும் கணினி நச்சுநிரலின் ஒரு வகை உலகெங்கும் பரவிற்று. அது தொற்றிய கணினியிற் கிடைத்த பிறருடைய முகவரிகளையே அனுப்புவோன் முகவரியாகப் பொய்யாக இட்டுத் தன்னைப் பரப்பிற்று. சேவையகங்கள் பல அம்மடல்களை வாங்கியபின், உள்ளே நஞ்சுண்மையைக் கண்டு, அனுப்புவோனெனப் பெயர் பொறிக்கப்பட்டவனுக்கு எச்சரிக்கை விடுத்தன. குற்றமற்றோர் தாம் எழுதாத மடல்களுக்காக எச்சரிக்கைகளால் மூழ்கடிக்கப்பட்டனர். வாயிலில் மறுத்திருந்தால் மறுப்பு வந்தவனையே சென்றடையும். வாங்கியபின் திருப்பினமையால் அது மூன்றாமவன் தலையில் விழுந்தது.

இதனை அஞ்சி, வாங்கிய மடலை ஒருவர்க்கும் சொல்லாது அழித்துவிடுவோரும் உளர். இஃது எல்லாவற்றினும் கொடிது. நச்சு மடலென ஐயுற்று அழித்தது ஒருவனுடைய வேலை விண்ணப்பமாகவோ, நோயாளி மருத்துவனுக்கு எழுதிய வினாவாகவோ இருத்தல் கூடும். எழுதியவன் சேர்ந்ததென நம்புகின்றான். பெறவேண்டியவன் வரவில்லையென நம்புகின்றான். இருவர்க்கும் இடையே நின்ற கணினியோ 250 என வாக்களித்து அதனைப் பொய்த்துவிட்டது. மடல் பெருமோசடி என்பது மிக உறுதியாகத் தெரிந்தவிடத்தன்றி இவ்வாறு செய்தலாகாது என 5321ஆம் ஏடு எச்சரித்தமை இதனாலேயே.

சொல்லும் மறுப்பின் ஆற்றலை 2003ஆம் ஆண்டில் எழுந்த மற்றொரு முறை அழகுற விளக்கிற்று. இவன் ஹாரிஸ் என்பார் முன்மொழிந்த சாம்பற்பட்டியல் முறையில், முன்னறியாத கணினி, அனுப்புவோன், பெறுவோன் ஆகிய மூன்றும் சேர்ந்து முதன்முறை வரும்பொழுது, சேவையகம் 4ஆம் வகை விடையைக் கூறிப் 'பின்னர் வருக' என அனுப்பிவிடும். நெறிமுறையை மதிக்கும் கணினி மடலைக் காத்திருந்து மீண்டும் கொண்டுவரும், அப்பொழுது ஏற்கப்படும். விரைந்து இறைத்துச் செல்வதையே நோக்காகக் கொண்ட தொல்லைப் பொறிகளுட் பல திரும்பி வருவதில்லை. புதிய பட்டியலோ புதிய சட்டமோ இன்றி, 1982ஆம் ஆண்டின் பழைய விதியொன்றே இங்கு உரைகல்லாயிற்று. இதனால் நல்ல மடலும் சிறிது தாமதமுறும் என்பது உண்மையே. ஆயினும் அது தொலைந்துபோவதில்லை. 2012ஆம் ஆண்டின் 6647ஆம் ஏடு இம்முறையை ஆராய்ந்து நெறிப்படுத்திற்று.

மறுக்கும் ஆற்றல் பெருகுந்தோறும் அதனைப் பிழையாகப் பயன்படுத்தும் ஏதமும் பெருகிற்று. 2003ஆம் ஆண்டு ஓகஸ்றில் ஒசிருசொப்ற் என்னும் தடைப்பட்டியல் பகைவரின் தாக்குதலுக்கு ஆற்றாது மூடப்பட்டது. மூடியபொழுது, வினவப்பட்ட இலக்கம் எதுவாயினும் 'உண்டு' என விடையிறுக்கும்படி அது விடப்பட்டது. அப்பட்டியலைக் கண்மூடி நம்பியிருந்த சேவையகங்கள், உலகத்து அஞ்சல் அனைத்தையும் குற்றமுடையதெனத் தள்ளின. தீர்ப்பைப் பிறரிடம் ஒப்படைத்தவன் அத்தீர்ப்பின் பொறுப்பினின்றும் நீங்கான் என்னும் பாடத்தை இந்நிகழ்ச்சி கற்பித்தது. பட்டியலிற் சேர்க்கும் காரணங்களை வெளிப்படையாக அறிவித்தல் வேண்டும், நீக்கும் வழி எளிதாதல் வேண்டும், மூடுவதாயின் முறையாக மூடுதல் வேண்டும் என்னும் கருத்துக்களை 2012ஆம் ஆண்டின் 6471ஆம் ஏடு வகுத்துரைத்தது.

அண்மைக் காலத்தில் மறுப்பின் அதிகாரம் பெருநிறுவனங்கள் சிலவற்றின் கையிற் குவிந்துள்ளது. 2024ஆம் ஆண்டு பெப்ரவரி தொடக்கம், கூகிள் நிறுவனம் தன் பயனாளர்க்கு நாளொன்றுக்கு 5,000க்கு மேற்பட்ட மடல்களை அனுப்புவோர் தம் அடையாளத்தை மெய்ப்பிக்கும் முறைகளைக் கைக்கொள்ளுதல் வேண்டும் என விதித்தது. யாகூ நிறுவனமும் பெருந்தொகையாக அனுப்புவோர்க்கு இத்தகைய விதிகளை வகுத்தது. தொல்லையைக் குறைத்தற்கு இவை துணைசெய்வன என்பதை மறுத்தற்கில்லை. எனினும், தொல்லைக்காரன் முன்னர் இருந்த முகவரி இலக்கத்தை அறியாது பெற்ற சிறு கழகமோ பாடசாலையோ, தான் செய்யாத குற்றத்திற்காக வாயிலில் நிறுத்தப்படுதல் நிகழ்கின்றது. 1997இல் தடைப்பட்டியல் வகுத்தோர் எளியோனை வலியோனிடமிருந்து காக்க முயன்றனர். இன்று காவல் வேண்டுவது எளியோனுக்கே என்னும் நிலையும் உண்டு. இந்நிலையில், மறுப்பின் காரணத்தைச் சொல்லுதலும் முறையீட்டிற்கு ஒரு வழி வைத்தலும் முன்னினும் மிகுதியாக வேண்டப்படுவன.

இதுகாறும் கூறியவற்றால், மறுத்தலும் ஒருவகை விடையே என்பது புலனாகும். அவ்விடையை வாக்களிக்குமுன் சொல்லுதல் வேண்டும். வந்தவனிடமே சொல்லுதல் வேண்டும். தற்காலிகமோ நிலையானதோ என்பதைத் தெளியச் சொல்லுதல் வேண்டும். காரணத்தையும், பிழையாயின் திருத்தும் வழியையும் உடன் சொல்லுதல் வேண்டும். 1975ஆம் ஆண்டில் ஒரு சிற்றேட்டில் முளைத்த கருத்து, ஏறக்குறைய அரை நூற்றாண்டுக் காலத்திற் பல தவறுகளினூடே வளர்ந்து இந்நெறிகளாகப் பழுத்தது. நம் ஊர்ப் படலையில் நின்று 'இன்று இயலாது' என முகம் பார்த்துச் சொல்லும் வீட்டுக்காரனை எவரும் கொடியவன் என்னார். வாங்கி வைத்துக்கொண்டு வாங்கவில்லை என்பவனையே உலகம் பழிக்கும். பொறிகளுக்கு விதி வகுத்த அறிஞர் கண்டதும் இவ்வுண்மையே ஆதலின், அவர்தம் ஏடுகள் கணினி கற்போர்க்கேயன்றிப் பொறுப்பேற்று நடக்க விரும்பும் எவர்க்கும் கற்கத்தக்கனவாம்.